ஓட்டுப் போட்ட பிறகு நம் கையில் என்ன இருக்கிறது? பிரதிநிதித்துவ ஜனநாயகமும் அரசியல் சீர்திருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"யாருக்குப் போட்டாலும் இதே கதைதான்" என்ற சலிப்பு இன்று கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தச் சலிப்பிலிருந்து எழும் கேள்விகளில், திரும்பத் திரும்பக் காதில் விழுகிறவற்றை இங்கே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டையும் இந்தியாவையும் வைத்துத்தான் பேசுகிறேன். வேறு நாட்டில் ஒரு யோசனையை நடத்திப் பார்த்திருந்தால் அதையும் சேர்த்திருக்கிறேன்.

எம்.எல்.ஏ. நம் பிரதிநிதியா, கட்சியின் பிரதிநிதியா?

தேர்ந்தெடுப்பது நாம். ஆனால் சபைக்குள் அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று பார்த்தால், கட்சித் தலைமைக்கு. 1985இல் அரசியலமைப்பின் 52ஆவது திருத்தம் வந்தது. அதோடு பத்தாவது அட்டவணை சேர்ந்தது. நாம் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று சொல்வது அதைத்தான். எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உறுப்பினர்களுக்கு உத்தரவிடுகிறவர் கொறடா. அவர் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றாலும் போகும். 15 நாளுக்குள் கட்சியே மன்னித்தால்தான் தப்பலாம்.

ஆட்சி நிலைக்குமா கவிழுமா என்ற வாக்கெடுப்பில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பதில் நியாயம் இருக்கிறது. கொறடா உத்தரவு இதுபோன்ற பெரிய விஷயங்களோடு நிற்க வேண்டும் என்று 1992இல் கிஹோடோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. நடப்பது வேறு. சாதாரண மசோதாவுக்கும் உத்தரவு வருகிறது. உங்கள் தொகுதி நெல் வயலைத் தொடும் ஒரு மசோதா நாளைக்கே சபைக்கு வந்தாலும், உங்கள் எம்.எல்.ஏ. அதை எதிர்த்துக் கை தூக்க முடியாது. அவர் மனசாட்சி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், உங்கள் ஊரே போய் அவர் வீட்டு வாசலில் நிற்கலாம். கணக்கில் சேர்வது தலைமையின் முடிவு ஒன்றுதான்.

நம் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐந்து வருடமும் அவர் நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை. தலைமைக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. கீழே சொல்லும் யோசனைகளை எல்லாம் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்: இரண்டு தேர்தலுக்கு நடுவில் அவரைக் கேள்வி கேட்கும் பலம் நமக்குக் கூடுகிறதா, இல்லையா?

அந்தச் சட்டம் வந்ததே விலைபோகிறவர்களைத் தடுக்கத்தானே?

ஆமாம். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். "ஆயா ராம், கயா ராம்" என்று நாடே பேசியது அவரை வைத்துத்தான். அந்தக் காலத்தில் ஆட்சிகள் சீட்டுக்கட்டாகச் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஆனால் தாவல் நின்றதா என்றால், இல்லை. மூன்றில் ஒரு பங்குப் பேர் பிரிந்தால் தப்பலாம் என்ற ஓட்டையை 2003இல் 91ஆவது திருத்தம் அடைத்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து போனால் அது "இணைப்பு" என்ற வழி இன்னும் திறந்தே இருக்கிறது. தனி ஆளாகத் தாவினால் குற்றம், கும்பலாகத் தாவினால் குற்றம் இல்லை.

அதைவிடப் பெரிய கோளாறு, தீர்ப்புச் சொல்கிறவர் சபாநாயகர் என்பது. தமிழ்நாடு இதை 2017இல் பக்கத்தில் நின்று பார்த்தது. அந்தப் பிப்ரவரி 18இல் எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ.பன்னீர்செல்வம் உட்பட ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வின் 11 எம்.எல்.ஏ.க்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். பிறகு பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இரண்டும் சேர்ந்துகொண்டன. அவர்கள் பதவி கடைசிவரை போகவில்லை. அதே ஆகஸ்டில் டி.டி.வி.தினகரன் பக்கம் நின்ற எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரைச் செப்டம்பர் 18இல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். சபைக்குள் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் தப்பினார்கள். வெளியே கடிதம் கொடுத்தவர்கள் பதவி இழந்தார்கள்.

வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அந்த அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும். ஆண்டிப்பட்டி, ஆம்பூர், அரூர், பெரம்பூர் என்று 18 தொகுதி மக்களுக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேலாகச் சட்டமன்றத்தில் குரலே இல்லை. அந்த மக்கள் செய்த தவறு என்ன?

சரி, இதை எப்படித் திருத்துவது?

புதிதாக யோசிக்கவே வேண்டாம். 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி சொன்னது: தானாகக் கட்சியை விட்டுப் போனாலும், நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரியான நேரத்தில் கட்சியை மீறி ஓட்டுப் போட்டாலும் மட்டும் பதவி போகட்டும். மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தன் விருப்பப்படி ஓட்டுப் போடலாம். இதோடு, தகுதி நீக்கத்தை முடிவு செய்யும் அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து ஒரு சுதந்திரமான தீர்ப்பாயத்திடம் கொடுக்க வேண்டும். 2020இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைப் பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றது. சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் சபாநாயகர் முடிவெடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

"கயிற்றை அவிழ்த்துவிட்டால் மசோதாவுக்கு மசோதா விலை பேசுவார்களே?" என்று கேட்பார்கள். பேசலாம். ஆனால் விலை போகும் பெரிய சந்தையே ஆட்சியைக் கவிழ்ப்பதில்தான் இருக்கிறது, அங்கே தடை அப்படியே தொடரும். அப்புறம், ஓட்டு வெளிப்படையாகப் பதிவானால் யார் எதற்கு ஆதரவு என்று தொகுதிக்குத் தெரியும். இன்று பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிகின்றன. 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் வேளாண் சட்டங்கள் அப்படித்தான் நிறைவேறின. ஓட்டை எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கத்தியும் எண்ணவில்லை. அடுத்த வருடம் நவம்பரில் அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றபோது விவாதமே நடக்கவில்லை. கொண்டுவரும்போது ஓட்டை எண்ணுவதில்லை, எடுக்கும்போது பேச்சே இல்லை என்றால் அந்தச் சபை எதற்கு?

பிரிட்டனில் 2003 மார்ச்சில் ஈராக் போருக்கு எதிரான திருத்தத்துக்கு, ஆளும் தொழிற்கட்சியைச் சேர்ந்த 139 பேர் தங்கள் அரசையே எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஒருவருடைய எம்.பி. பதவியும் அதனால் பறிபோகவில்லை. அரசும் கவிழவில்லை.

வாங்கிய ஓட்டுக்கும் கிடைக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லையே?

இல்லைதான். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44% ஓட்டு வாங்கியது. கிடைத்தது 39இல் 37 தொகுதி. 23%க்கும் மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. 2019இல் தி.மு.க. கூட்டணி 38ஐ எடுத்தது, தேனி மட்டும் எதிர்த்தரப்புக்குப் போனது. அலை எந்தப் பக்கம் அடித்தாலும் லட்சக்கணக்கான ஓட்டு சபைக்குள் நுழையாமலேயே கரைந்துவிடுகிறது. யாருடைய கட்சி பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து இதில் கோபம் வருவதும் போவதும் சரியல்ல.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பாதியைச் சற்றே தாண்டிய ஓட்டில் 168இல் 140 ஆசனங்களைப் பிடித்தது. கிட்டத்தட்ட 30% வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம். 7%க்கும் குறைவாக வாங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணி, ஓட்டு வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்ததால், 18 ஆசனத்தோடு எதிர்க்கட்சி ஆனது. அந்த ஆறில் ஐந்து பங்குப் பலத்தை வைத்துத்தான் ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு புதிய அரசியலமைப்பையே கொண்டுவந்தது. அதில், வாங்கிய ஓட்டின் விகிதப்படி ஆசனம் கொடுக்கும் விகிதாசார முறையும் இருந்தது. 1989 பொதுத் தேர்தலிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அந்த முறைதான். ஆனால் கட்சிப் பட்டியலுக்குள் பிடித்த வேட்பாளரைக் குறிக்கும் விருப்பு வாக்கு வந்ததால் ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு ஓடினார்கள். மாவட்டம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணம் உள்ளவரின் கை ஓங்கியது.

எனக்குப் பொருத்தமாகப் படுவது கலப்பு முறை. நியூசிலாந்து 1993இல் மக்களிடம் கேட்டு, 1996 தேர்தலிலிருந்து அப்படி மாறியது. தொகுதிக்கு ஒருவர் என்பது அப்படியே இருக்கும். மொத்தத்தில் கட்சிக்கு விழுந்த ஓட்டுக்கு ஏற்பப் பட்டியலிலிருந்து கூடுதல் இடங்கள் போகும். இந்தியச் சட்ட ஆணையமும் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில், மக்களவையில் 25% இடங்களைக் கூட்டி அவற்றைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்றது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பட்டியலை எழுதுவது கட்சித் தலைமை. கொறடா விஷயத்தைச் சரிசெய்யாமல் இதை மட்டும் கொண்டுவந்தால் தலைமையின் பிடி இன்னும் இறுகும். வரிசை முக்கியம்.

வேலை செய்யாதவரைத் திரும்ப அழைக்கும் உரிமை இருந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஆசைப்படத் தோன்றும் யோசனைதான். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் சட்டங்களில் நகராட்சித் தலைவர்களைத் திரும்ப அழைக்க வழி இருக்கிறது, சத்தீஸ்கரில் 2008இல் சிலர் பதவி இழந்தும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2015இல் போட்ட சட்டத்தின்படி எம்.பி.க்களுக்கு உண்டு. ஆனால் அங்கே "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது காரணம் ஆகாது. நீதிமன்றத் தண்டனை, சபையிலிருந்து நீண்ட இடைநீக்கம் மாதிரி ஏதாவது நடந்திருக்க வேண்டும். அப்புறம் தொகுதி வாக்காளர்களில் 10% பேர் ஆறு வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

எம்.எல்.ஏ. தொகுதிக்கு இதை நான் ஆதரிக்கத் தயங்குகிறேன். 2 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் உள்ள தொகுதியில் கையெழுத்துச் சேகரிக்கும் வசதி யாருக்கு இருக்கும்? தோற்ற வேட்பாளருக்கும் அவர் பின்னால் நிற்கும் பணத்துக்கும்.

ஊராட்சியில் கவலை வேறு மாதிரி. மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவரான முருகேசன் 1997 ஜூனில் கூட இருந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்து வருடம் தலித் தலைவர் ஒருவர் பதவியில் இருக்கவே விடவில்லை. 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. இன்றைக்கும் நாற்காலி மறுக்கப்படும், கொடியேற்றவிடாமல் தடுக்கப்படும் தலைவர்கள் பற்றிச் செய்தி வருகிறது. இந்த ஊர்களில் "திரும்ப அழைக்கும் உரிமை" முதலில் யார் மேல் பாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு எழுதாத எந்தத் திரும்ப அழைக்கும் சட்டத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் இப்போதும் இருக்கிறது. அது ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவின்படி கலெக்டரிடம் இருக்கிறது, ஓட்டுப் போட்ட மக்களிடம் இல்லை.

நோட்டாவுக்குப் போட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. நோட்டா என்பது "இவர்களில் யாரும் வேண்டாம்" என்று சொல்லும் பொத்தான், 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அதற்கு முன் 49 ஓ என்ற தேர்தல் விதி இருந்தது. எழுத்தாளர் ஞாநி அதற்காகத் தமிழ்நாட்டில் நிறையப் பிரசாரம் செய்தார். அப்போது வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும், ரகசியம் போய்விடும். இப்போது ரகசியம் காக்கப்படுகிறது, அதுவரை நல்லது. ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து அதிகம் வாங்கிய வேட்பாளர் ஜெயித்ததாகத்தான் அறிவிப்பார்கள். 2024இல் இந்தூரில் 2 லட்சத்துக்கும் மேல் நோட்டா விழுந்தது. முடிவு மாறவில்லை.

ஓட்டுக்குப் பணம் வாங்கும் மக்கள் ஜனநாயகம் பற்றிப் பேசலாமா?

பேசலாம். வாங்குகிறவரை மட்டும் திட்டுவது எனக்குப் பிடிக்காத பேச்சு. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு "திருமங்கலம் ஃபார்முலா" என்று ஒரு பெயரே வந்துவிட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் என்று பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் தள்ளியோ ரத்தோ ஆன பட்டியல் இருக்கிறது. அந்தப் பணத்தை இறக்கியவர்கள் அடுத்த தேர்தலில் நிற்க முடியாதபடி என்ன செய்தோம்? அதைத்தான் கேட்க வேண்டும்.

சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய் என்று 2022இல் நிர்ணயித்தார்கள். கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதோடு வேலை முடிந்ததாக எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். கட்சிச் செலவுக்கு வரம்பும், கட்சிக் கணக்குக்குச் சுதந்திரமான தணிக்கையும் அடுத்து வர வேண்டும்.

எல்லா முடிவையும் மக்களே மொபைலில் ஓட்டுப் போட்டு எடுத்தால் என்ன?

சுவிட்சர்லாந்தில் 100 நாளுக்குள் 50,000 கையெழுத்துச் சேர்த்தால் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். அது பெரிய பலம்தான். ஆனால் அதே நாட்டில் 1959இல் "பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா?" என்று ஆண்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, வேண்டாம் என்று முடிவானது. தேசிய அளவில் பெண்கள் ஓட்டுப் போட 1971 வரை காத்திருந்தார்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்களின் உரிமையைப் பெரும்பான்மை ஓட்டுக்கு விடக் கூடாது. சாதியும் மதமும் இவ்வளவு பிரித்துவைத்திருக்கும் நாட்டில் நான் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

குடவோலை மாதிரி குலுக்கல் முறை இன்றைக்குச் சரிப்படுமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையாகச் சொல்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியது. அதை முழுசாகப் படிக்க வேண்டும். நிலம் வைத்திருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை; ஊரில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் ஏறாது, அவர் உறவினர்கள் பெயரும் ஏறாது. ஒருமுறை இருந்தவர் மூன்று வருடம் திரும்ப வர முடியாது. 1,100 வருடத்துக்கு முன்பே கணக்கையும் பதவியையும் இப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

இன்றைய குலுக்கலுக்கு அயர்லாந்தைப் பார்க்கலாம். 2016இல் அங்கே பொதுமக்களில் 99 பேரைக் குலுக்கல் முறையில், வயது, பாலினம், பகுதி எல்லாம் கலந்து வரும்படி தேர்ந்தெடுத்தார்கள். வார இறுதிகளில் உட்கார்ந்து டாக்டர்கள், வக்கீல்கள், பாதிக்கப்பட்ட பெண்கள் என்று எல்லாத் தரப்பையும் கேட்டார்கள். கருக்கலைப்புத் தடையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். அரசியல்வாதிகள் பல வருடம் தொடப் பயந்த விஷயம் அது. 2018 மே மாத வாக்கெடுப்பில் 66% பேர் ஆதரித்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே மாதிரி ஒரு மக்கள் மன்றம் புதிய தேர்தல் முறையைப் பரிந்துரைத்தது. 2005 வாக்கெடுப்பில் 57%க்கும் மேல் ஆதரவு கிடைத்தும், 60% வேண்டும் என்று அரசு வைத்த நிபந்தனையால் அது நின்றுபோனது.

இங்கே இதை எம்.எல்.ஏ.க்களின் சம்பளம், தேர்தல் செலவு, தொகுதி எல்லை மாதிரி அவர்களே தங்களுக்குத் தீர்ப்பெழுதிக்கொள்ளும் விஷயங்களில் தொடங்கலாம். முடிவு சபையிடமே இருக்கட்டும். ஆனால் பரிந்துரையை ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஒரு நல்ல சர்வாதிகாரி வந்தால்தான் திருந்தும் என்கிறார்களே?

1975 ஜூன் முதல் 21 மாதம் நெருக்கடி நிலையில் இருந்து பார்த்தோம். பத்திரிகைக்குத் தணிக்கை, விசாரணை இல்லாமல் சிறை, 1976 ஜனவரியில் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியே கலைப்பு. அதை முடித்துவைத்தது 1977இல் மக்கள் போட்ட ஓட்டு. நல்லவரா என்று சோதிக்கவும் கெட்டவர் என்றால் இறக்கவும் வழியில்லாத ஏற்பாட்டை நம்பச் சொல்கிறவரிடம் எனக்கு வேறு பதில் இல்லை.

நான் ஒரு சாதாரண ஆள். எங்கே தொடங்குவது?

கிராமத்தில் இருந்தால் கிராம சபையில். கிராமத்தில் இருப்பவருக்கு, பிரதிநிதி இல்லாமல் நீங்களே உட்கார்ந்து பேசச் சட்டம் இடம் கொடுத்திருக்கும் ஒரே சபை அதுதான். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் எல்லோரும் அதில் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள்.

நடப்பது எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலோ கோயில் திடலிலோ ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் தரையில். வரவு செலவு பிளக்ஸ் பேனரில், பின்னால் இருப்பவருக்குத் தெரியாத எழுத்தில். ஊராட்சிச் செயலாளர் மேலே இருந்து வந்த பொருள் பட்டியலை மூச்சு விடாமல் வாசிக்கிறார். கூட்டத்தை மேற்பார்க்கப் பற்றாளராக வந்த யூனியன் அலுவலர் மணியைப் பார்க்கிறார். கையெழுத்து நோட்டு மட்டும் கூட்டத்துக்குள் வேகமாகச் சுற்றுகிறது. சிறிய ஊராட்சிக்கு 50 பேர், 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சிக்கு 300 பேர் குறைந்தது வந்திருக்க வேண்டும் என்று குறைவெண் கணக்கு இருப்பதால் கையெழுத்துத்தான் அவர்களுக்கு முக்கியம். டீயும் வடையும் வந்ததும் கூட்டம் கலைகிறது.

ஆனால் யாராவது எழுந்து "அந்த மூணாவது வரியில, குடிநீர்க் குழாய் பழுது பார்த்ததுன்னு போட்டிருக்கே, அது எந்தத் தெரு?" என்று கேட்டால் அந்த இடத்தின் காற்றே மாறுகிறது. தரையில் இருந்த பெண்கள் "எங்க தெருவுல இல்லையே" என்று சொல்லத் தொடங்குவார்கள். சட்டமன்றத்தில் உங்கள் பிரதிநிதிக்குக் கிடைக்காத சுதந்திரம் அந்தப் பெண்களுக்கு அங்கே இருக்கிறது. அவர்களுக்குக் கொறடா கிடையாது.

கிராம சபையை நான் புனிதமாக்கவில்லை. கிராமம் என்பது குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னது இன்றும் பொய்யாகவில்லை. தலித் மக்கள் வாழும் காலனியிலிருந்து வந்தவர் எழுந்து பேசினால் அடுத்த நாள் வேலை கிடைக்காத ஊர்கள் உண்டு. அதனால்தான் கூட்டத்தை வீடியோ எடுப்பதும், காலனியிலும் மாற்றி மாற்றி நடத்தச் சொல்வதும், தனியாகப் போகாமல் நாலு பேராகப் போவதும் அவசியம்.

ஊராட்சிக்கே அதிகாரம் இல்லாதபோது அங்கே பேசி என்ன பயன்?

நியாயமான கேள்வி. 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 துறைகளைப் பதினோராவது அட்டவணையில் பட்டியலிட்டார்கள். "கொடுக்கலாம்" என்பதால் மாநிலங்கள் மனமிருந்தால் கொடுக்கின்றன. கேரளம் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40% வரை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கியது. டெல்லியிடம் மாநில சுயாட்சி கேட்பதில் முன்னால் நிற்கும் தமிழ்நாட்டில், அதே நியாயம் கோட்டையைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. இந்த முரணைத் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒன்றுபோலவே வளர்த்திருக்கின்றன.

தேர்தலே நேரத்துக்கு நடப்பதில்லை. ஐந்து வருடம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. 2016 அக்டோபரில் காலம் முடிந்த நம் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் பெரும்பாலான மாவட்டங்களுக்கு மட்டும். அவற்றின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தலைவர்களுக்குப் பதில் மறுபடி அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். சட்டமன்றத் தேர்தலை மூன்று வருடம் தள்ளிவைத்தால் நாடு பற்றி எரியும். உள்ளாட்சிக்கு நடந்தால் நாம் வாய் திறப்பதில்லை. சீர்திருத்தம் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் இதற்குத்தான் தெருவில் இறங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் நகரத்தில் இருக்கிறேனே?

வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் 2022இல் தமிழ்நாடு அரசு விதிகள் போட்டது. உங்கள் கவுன்சிலரிடம் அடுத்த பகுதி சபை என்றைக்கு, எங்கே என்று கேளுங்கள். பல இடங்களில் அப்படி ஒன்று இருப்பதே வார்டுக்காரர்களுக்குத் தெரியாது.

கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கிடப்பில் கிடக்கிறது. அப்புறம்?

முதலில் தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். வாயால் சொன்னதை "பரிசீலிக்கப்பட்டது" என்று எழுதி முடித்திருப்பார்கள். கூட்டம் கலையும் முன்பே உங்கள் தீர்மானத்தை முழு வாசகமாகப் படிக்கச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தைப் போட்டோ எடுத்துவிடுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) ஆபீஸுக்கு ஒரு மனு, திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு. இரண்டுக்கும் ரசீது வாங்காமல் வரக் கூடாது. தீர்மானத்தின் ஒரு நகலை எம்.எல்.ஏ. ஆபீஸிலும் கொடுங்கள்; தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்த வேலைக்குப் பரிந்துரைத்திருக்கிறார் என்பதையும் அப்போதே கேட்கலாம். அடுத்த கிராம சபையில் பொருள் பட்டியலை வாசிக்கத் தொடங்கும்போதே, போன கூட்டத்துத் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லி முடிக்கும்வரை கையெழுத்து நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.